ஜெயலெட்சுமிக்குக் கொடுத்த பட்டன்

பாயான் பாருவில் அந்தக் கடைவரிசையில் யாரைக் கேட்டாலும், "ரெண்டாம் மாடி ஜெயலெட்சுமியா? ஐயய்யோ, அந்தம்மா வாயில போய் விழாதீங்க லா" என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டுமே. கோபக்காரிதான், இல்லை என்று யார் சொன்னது? அவளுக்கு ஏன் கோபம் வந்தது என்று ஒருவராவது ஒழுங்காகக் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மூன்று பேர் கேட்டார்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்துக் கேட்டார்கள். அவர்கள் கேட்ட லட்சணத்தைத்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜெயலெட்சுமி செபராங் ஜெயாவில் வளர்ந்தவள். அப்பா ஜுருவில் ஒரு பட்டறையில் காடிகளுக்கு, அதாவது கார்களுக்கு, சாயம் அடித்தவர். பள்ளிக் கடைசி வருஷத்து ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதிய கையோடு பாலம் தாண்டித் தீவுக்கு வந்து, ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் சேர்ந்தாள். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அதே தொழிற்சாலை, அதே லைன். சர்க்யூட் போர்டுகளைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடிக்கு அடியில் வைத்து, ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா, எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கண் செருகினால் போச்சு, கெட்ட போர்டு நல்ல போர்டோடு சேர்ந்து போய்விடும். அந்த வேலையைப் பசியோடுகூடச் செய்துவிடலாம். தூக்கம் இல்லாமல் செய்ய முடியாது.

அவளுக்கு மூன்றாவது ஷிப்ட். ராத்திரி போய்க் காலையில் திரும்ப வேண்டும். ஆசைப்பட்டா அந்த ஷிப்டுக்குப் போனாள்? புருஷன் தங்கராஜு லாரி ஓட்டினவர். சர்க்கரை வியாதி பாதத்தில் புண்ணாக ஆரம்பித்து, கடைசியில் வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் புண் இன்னும் ஆறவில்லை. திங்கள், புதன், வெள்ளி காலையில் அரசாங்கக் கிளினிக்கில் கட்டு மாற்ற வேண்டும். "கட்டு தவறவே கூடாது. இன்னொரு தடவை சீழ் வச்சா முட்டிக்கு மேல எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இருப்பதோ லிப்ட் இல்லாத கடைவீட்டில், இரண்டாம் மாடி. தங்கராஜுவுக்கு உடம்பும் லேசுப்பட்டதில்லை. அவர் ஒரு கையால் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொள்வார். இன்னொரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக அவரை இறக்குவது ஜெயலெட்சுமிதான். திரும்ப ஏற்றுவதும் அவள்தான். ஒரே மகள் ஜொகூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். வேறு ஆள் கிடையாது. காலை நேரம் தன் கையில் இருக்க வேண்டும் என்றுதான் அவள் ராத்திரி ஷிப்டைக் கேட்டு வாங்கினாள்.

சரி, இவள் எப்போது தூங்குவது? கிளினிக் போய் வந்து, சமைத்து, துவைத்து நிமிர்ந்தால் உச்சி வெயில். கூரைக்கு நேர் கீழே இருக்கிற வீடு, மத்தியானம் உள்ளே படுத்தால் உடம்பு வெந்துவிடும். வெயில் தாழ்ந்த பிறகுதான் அந்த அறையில் மனிதர் கண் மூட முடியும். அதனால் சாயந்திரம் படுப்பாள், இருட்டின பிறகு எழுந்து குளித்துச் சாப்பிட்டுத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிப்பாள். அந்தச் சாயந்திரத் தூக்கம் போனால் வேலை போகும். வேலை போனால், அல்லது ஷிப்ட் மாறினால், தங்கராஜுவைக் கிளினிக்குக்கு இறக்க ஆள் இல்லை. இவ்வளவுதான் விஷயம். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கீழே, முதல் மாடியில், ஒரு நாள் 'மேக்கர்ஸ்பேஸ்' என்று பலகை மாட்டினார்கள்.

அது என்ன எழவு என்று ஜெயலெட்சுமிக்கு முதலில் புரியவில்லை. ஆளாளுக்குச் சந்தா கட்டி, பொதுவில் கருவிகள் வாங்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்த பிறகு வந்து பொழுதுபோக்குக்காக எதையாவது செய்து பார்க்கிற இடமாம். ஒருவர் கைதட்டினால் எரிகிற விளக்கு செய்வார். இன்னொருவர் பூச்செடிக்குத் தானே தண்ணீர் ஊற்றும் பெட்டி செய்வார். கோகிலன் என்ற பையன்தான் எல்லாவற்றுக்கும் தலை. ஜார்ஜ் டவுனில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அதிர்ந்து பேசமாட்டான். அடுத்தது யுகேந்திரன், இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர், பாட்டுப் பைத்தியம். மூன்றாவது நூருல், கல்லூரியில் பாடம் நடத்துகிற மலாய்ப் பெண். மூன்று பேரும் நல்லவர்கள், சூதுவாது தெரியாதவர்கள். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவனாக இருந்தால் நான்கு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக வந்து படுக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அங்கே கூடிக் களிப்பார்கள். அவரவர் செய்ததைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், கொண்டுவந்த நாசி லெமாக்கையும் கறிபாப்பையும் பகிர்ந்து தின்ன வேண்டும், அப்புறம் பாட வேண்டும். பாடுவதற்கு யுகேந்திரன் தன் கையாலேயே ஒரு கராவோக்கே பெட்டி செய்து வைத்திருந்தார். அதில் தும் தும் என்று பாஸ் சத்தம் வந்தால் மேலே ஜெயலெட்சுமியின் கட்டில் அதிரும். போதாததற்கு, பலகையால் ஒரு தொட்டி கட்டி அதற்குள் இரண்டு ரோபோக்களை மோத விடுவார்கள். ஒன்று கவிழ்ந்தால் கூட்டம் முழுக்க ஓவென்று கத்தும். வெள்ளிக்கிழமை மட்டும் நடந்தது, ஆள் சேரச் சேர புதன்கிழமையும் ஆயிற்று.

இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் கண்ணாடிக்கு முன்னால் தலை தொங்கிவிட்டது. விரிசல் விட்ட போர்டு ஒன்று தப்பிப்போய், அடுத்த மேசையில் பிடித்தார்கள். லைன் லீடர் ஹைதர் நல்ல மனுஷன். "அக்கா, மொத தடவை. நான் பேசிக்கிறேன். ஆனா பேரு எழுதிட்டாங்க" என்றான். அவ்வளவுதான், ஜெயலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த தடவை கீழே பாட்டு ஆரம்பித்ததும் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தடதடவென்று இறங்கினாள். கதவைத் தள்ளித் திறந்தாள்.

"ஏன் தம்பிகளா, உங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையா? ராத்திரி வேலைக்குப் போறவ ஒருத்தி மேல படுத்திருக்கேன். தலைக்கு அடியில இந்த ஆட்டம் ஆடுறீங்களே, நீங்கள்லாம் மனுசங்களா?"

எதிர்த்துப் பேசுவார்கள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கலாம் என்றுதான் வந்தாள். கோகிலன் ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினான். "சாரி அக்கா. சத்தியமா எங்களுக்குத் தெரியாது. உக்காருங்க அக்கா, முழுசா சொல்லுங்க" என்றான். யுகேந்திரன் தேத்தண்ணி கலக்கினார். நூருல் வெள்ளைப் பலகையைத் துடைத்துவிட்டுப் பேனாவோடு நின்றாள். ஜெயலெட்சுமி எல்லாவற்றையும் கொட்டினாள், புருஷனின் காலை, கட்டு மாற்றுவதை, டாக்டர் சொன்னதை, கூரை வெயிலை, ஹைதர் சொன்னதை. கோகிலனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் பாட்டே இல்லை. அவள் மேலே வந்து நிம்மதியாகத் தூங்கினாள். "பாவம், நல்ல பிள்ளைங்கதாங்க" என்று தங்கராஜுவிடம் சொல்லவும் செய்தாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும்.

அடுத்த வாரம் கோகிலன் ஒரு சின்னப் பெட்டியோடு கதவைத் தட்டினான். பெட்டிக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பட்டன்.

"உங்களுக்காகவே செஞ்சோம் அக்கா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து செஞ்சோம். தலமாட்டுல வச்சிக்குங்க. சத்தம் தொல்லையா இருந்தா ஒரு அமுக்கு. கீழ எங்க மேசையில லைட்டு எரியும். ஒடனே கொறைச்சிடுவோம்."

அவள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "தம்பி, நீ பாட்டை கொறைச்சிட்டா இந்தப் பெட்டிக்கு வேலையே இல்லையே லா."

"கரெக்ட் அக்கா. ஆனா எவ்வளவு கொறைக்கணும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் இது."

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பிள்ளை மாதிரி நிற்கிறவனிடம் என்ன சொல்வது? வாயில் வந்ததை விழுங்கிவிட்டு வாங்கி வைத்தாள். அவள் கேட்டது சத்தம் வேண்டாம் என்று. அதற்குப் பட்டனைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த வெள்ளிக்கிழமையே அதற்கு வேலை வந்தது. யுகேந்திரன் உச்சஸ்தாயியில் இழுத்துக்கொண்டிருந்தார். ஜெயலெட்சுமி தூக்கக் கலக்கத்தில் தடவிப் பிடித்து அமுக்கினாள். பாட்டு நின்றது. அப்பாடா என்று தலையணையில் முகத்தைப் புதைத்தாள். புதைத்ததுதான் தாமதம், கீழேயிருந்து கூச்சல். "வந்துச்சு! வந்துச்சு லா! லைட்டு எரியுது!" கைதட்டு, விசில். அந்தக் கைதட்டு அடங்குவதற்குள் படியில் யாரோ ஓடிவருகிற சத்தம், கதவில் தட்டு. கோகிலன்.

"அக்கா, நீங்கதானே அமுக்குனீங்க? அமுக்கி எவ்வளவு நேரத்துல சத்தம் நின்னுச்சு அக்கா? ஒடனேவா, இல்ல கொஞ்சம் லேட்டாவா?"

தங்கராஜு கட்டிலில் உட்கார்ந்தபடி சிரித்தார். "எனக்குத்தான் கால் இல்ல, இவனுங்களுக்குக் காது இல்ல போலிருக்கே" என்றார்.

"நீங்க ஒருத்தர் பாக்கி, சிரிங்க!" என்று அவர்மேல் பாய்ந்தாள்.

அதோடு விட்டார்களா? அவள் அமுக்குகிறவரை காத்திருப்பது தப்பு என்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது. தோன்றியது சரி, அதற்குச் செய்தது என்ன தெரியுமா? சத்தத்தை அளந்து காட்டுகிற ஒரு விளக்குத் தூண். ஆள் உயரம். மெதுவாகப் பேசினால் பச்சை, சத்தம் ஏறினால் மஞ்சள், ரொம்பப் போனால் உச்சியில் சிவப்பு. சிவப்பு வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது யோசனை. ஐயா, உச்சியில் ஒரு சிவப்பு விளக்கை வைத்து, அது எரியக்கூடாது என்று நம் ஆட்களிடம் சொன்னால் என்ன நடக்கும்? முதல் வாரமே புதிதாக வந்தவன் ஒருவன், "டேய், என் குரலுக்கு எதுவரைக்கும் ஏறுது பாரு" என்றான். இன்னொருவன் அவனைத் தாண்டினான். யுகேந்திரன், பள்ளிக்கூட வாத்தியார், பொறுப்புள்ள மனுஷன், தொண்டை நரம்பு புடைக்க ஒரு இழுப்பு இழுத்துச் சிவப்பைத் தொட்டுக் காட்டினார். அதற்குக் கிடைத்த கைதட்டில் ஜெயலெட்சுமியின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

இப்போது அமுக்கினாலும் தொல்லை, அமுக்காவிட்டாலும் தொல்லை. அமுக்க எழுந்தால் தூக்கம் கலையும். அமுக்கிவிட்டு, நிற்கிறதா என்று காது கொடுத்துப் படுத்திருந்தால் இருக்கிற தூக்கமும் போகும். நின்றாலும் கொஞ்ச நேரத்தில் பழையபடி ஏறும். நடுவில் கோகிலன் வேறு வந்து, எப்படி இருந்தது என்று கேட்பான். "ச்சீ, சனியனே" என்று ஒரு நாள் அந்தப் பெட்டியை எடுத்து அடுப்படியில் அரிசி வாளிக்குப் பின்னால் போட்டாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தலைமேல் தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டு படுத்தாள். தூக்கம் வந்த நாளும் உண்டு, வராத நாள்தான் அதிகம். தொழிற்சாலையில் இரண்டாவது தடவையாகப் பெயர் எழுதினார்கள்.

"அடுத்த தடவை ஆபீஸுக்குப் போயிடும் அக்கா" என்றான் ஹைதர். அவன் குரலில் இருந்த பரிதாபத்தைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. வீட்டுக்கு வந்து தங்கராஜுவின் சட்டையைத் துவைக்கும்போது கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள். ஒரு பொத்தான் தெறித்துப் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் கோகிலன் வந்து அழைத்தான். வருகிற வெள்ளிக்கிழமை பெரிய நிகழ்ச்சியாம். ஜார்ஜ் டவுனிலிருந்தும் வெளியூரிலிருந்தும் இதே மாதிரிக் கூடங்களின் ஆட்கள் வருகிறார்களாம். "நீங்க கண்டிப்பா வரணும் அக்கா. உங்களப் பத்திதான் பேசப்போறோம். அஞ்சே நிமிசம்."

ஜெயலெட்சுமி போகிறவள் இல்லை. ஆனால் எப்படியும் அன்றைக்குத் தூக்கம் கிடைக்கப்போவதில்லை. வெளி ஆட்களுக்கு முன்னால் சொன்னாலாவது இவர்களுக்கு உறைக்கும் என்று ஒரு நப்பாசை. தொழிற்சாலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வேலைப் பையோடு கீழே போனாள். முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரு பெண் கேக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கோகிலன் சுவரில் படம் போட்டுக் காட்டினான். ஜெயலெட்சுமி எத்தனை தடவை பட்டனை அமுக்கினாள் என்பது வாரம் வாரமாக அந்தப் பெட்டியில் பதிவாகியிருந்தது. அதுவே அவளுக்குப் புதுச் செய்தி. முதல் வாரம் கோடு உயரத்தில் இருந்தது. அப்புறம் இறங்கியது, இன்னும் இறங்கியது, கடைசியில் தரையைத் தொட்டுப் படுத்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்றான் கோகிலன், குரல் தழுதழுக்க. "ஒரு மாசமா அக்கா ஒரு தடவைகூட அமுக்கல. அதாவது, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு எங்களால இருந்த சத்தத் தொல்லை முழுசா தீந்து போச்சு!"

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தூணில் சிவப்பு எரிந்தது.

ஜெயலெட்சுமிக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கொதித்தது. எழுந்து நின்றாள். கைதட்டு தனக்குத்தான் என்று வணக்கம் சொல்ல எழுந்ததாகச் சிலர் நினைத்துவிட்டார்கள்.

"நிறுத்துங்கடா!" என்றாள். "தீந்து போச்சா? யாருக்கு தீந்து போச்சு? எந்திரிச்சு எந்திரிச்சு இந்த சனியன அமுக்கிறதுக்கு சும்மாவே முழிச்சிருக்கலாம்னு தூக்கி அரிசி வாளிக்குப் பின்னால போட்டுட்டேன். அதான் உன் கோடு கீழ போச்சு. அமுக்கலன்னா தூங்குறேன்னு அர்த்தமா? மேல வந்து பாத்தியா நீ? காதுல பஞ்ச வச்சிக்கிட்டு, தலகாணிய தலமேல போட்டுக்கிட்டு நான் படுற பாட்ட உன் பெட்டி எழுதிச்சா? ரெண்டு தடவ என் பேர எழுதிட்டாங்க வேலையில. என் வேலை போனா என் புருசன் கால் போயிடும்டா. நான் உங்கிட்ட பட்டன் கேட்டேனா? லைட்டு கேட்டேனா? வாய மூடுங்கன்னுதானே கேட்டேன்! அதுக்கு என்னடா செலவு உங்களுக்கு?"

யுகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டார். நூருலுக்குத் தமிழ் பாதிதான் புரியும், அந்தப் பாதியே போதுமாயிருந்தது, முகம் சிவந்துவிட்டது. கோகிலன் மட்டும் அசையாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். உறைத்துவிட்டது என்றுதான் ஜெயலெட்சுமி நினைத்தாள்.

"இது ரொம்ப முக்கியமான விசயம் அக்கா" என்றான் அவன் மெதுவாக. "அமுக்கறதுதான் பிரச்சினை. நீங்க அமுக்கவே வேணாம். மெத்தைக்கு அடியில ஒரு சென்சார் வச்சிட்டா, நீங்க பொரண்டு படுத்தாலே எங்களுக்குத் தெரிஞ்சிடும்..."

அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். கேக் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். துக்கம் ஒன்றும் இல்லை, ஆத்திரம்.

அன்றைக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாமல் வேலைக்குப் போனாள். கண்ணாடியில் நெற்றி இடித்து விழித்தபோது, எத்தனை போர்டைப் பார்க்காமல் அனுப்பினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஹைதர் திட்டவில்லை. "இதுக்கு மேல என்னால மறைக்க முடியாது அக்கா" என்றான். ஆபீஸில் கூப்பிட்டுப் பேசினார்கள். பழைய ஆள், வேலையைவிட்டு எடுக்க மனமில்லை. வயசாகிவிட்டது, ராத்திரி ஷிப்ட் தாங்கவில்லை, திங்கட்கிழமையிலிருந்து காலை ஷிப்டுக்கு வந்துவிடுங்கள் என்றார்கள். நல்லது செய்கிற முகத்தோடுதான் சொன்னார்கள். "நல்லதுதானே, இனிமே ராத்திரியில நிம்மதியா தூங்கலாம்" என்று லைனில் இருந்தவர்களும் சொன்னார்கள். காலை ஷிப்ட் பஸ் விடிவதற்கு முன்னால் வந்துவிடும். அவள் வீடு திரும்பும்போது கட்டு மாற்றுகிற அறையைச் சாத்தியிருப்பார்கள்.

சனிக்கிழமை முழுக்க ஆள் தேடினாள். கீழ்த்தளத்துக் காடிச் சாமான் கடைக்காரர் கடை திறப்பதே தாமதமாகத்தான். வாடகைக் காடி ஓட்டுகிறவர்கள் வாசலுக்கு வருவார்கள், இரண்டாம் மாடிக்கு ஏறி ஆளைத் தூக்கமாட்டார்கள். மகள் போனில் அழுதாள். தங்கராஜு, "ஒரு வாரம் கட்டு மாத்தலன்னா என்ன ஆயிடப்போகுது" என்றார். என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். அவர் அப்படிச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கோகிலனும் நூருலும் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து நின்றார்கள்.

"கேள்விப்பட்டோம் அக்கா, காலை ஷிப்டுக்கு மாத்திட்டாங்களாம்" என்றான் கோகிலன். முகத்தில் வருத்தமும் இருந்தது, அதற்குப் பின்னால் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. "அப்போ... இனிமே வெள்ளிக்கிழமை சத்தம் உங்களுக்குத் தொல்லையா இருக்காதுல்ல அக்கா?"

நூருல் அவன் விலாவில் ஒரு இடி இடித்தாள். அதற்குள் அவன் கேட்டு முடித்துவிட்டான்.

ஜெயலெட்சுமிக்குக் கத்தக்கூடக் குரல் வரவில்லை. கதவை அகலத் திறந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், தங்கராஜுவின் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"பாரு. அந்தக் கால பாரு. மூஞ்சிய திருப்பாத, நல்லா பாரு. நாளைக்குக் காலையில இத கிளினிக்குக்கு யாரு கொண்டு போவா? நான் பஸ்ஸுல இருப்பேன். சொல்லு."

கோகிலன் பார்த்தான். கட்டுத்துணியில் மஞ்சளாகச் சீழ் கசிந்திருந்தது. "அக்கா, அதுக்கு வேணும்னா நாங்க ஒரு..."

"ஒண்ணும் செய்யக்கூடாது!" இப்போது குரல் வந்துவிட்டது. "ஒரு ஒயரு, ஒரு பேட்டரி, ஒரு லைட்டு இந்த வாசப்படி தாண்டக்கூடாது, சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வா. அந்த வாத்தியாரையும் கூட்டிட்டு வா, பள்ளிக்கூடம் லீவுதானே, பாட மட்டும்தான் தெரியுமா அவருக்கு? தோள குடு. எறக்கு. காடியில ஏத்து. கட்டு மாத்துனதும் திரும்பக் கொண்டாந்து இதே கட்டில்ல விடு. திங்கள், புதன், வெள்ளி. புரியுதா?"

"புரியுது அக்கா. கண்டிப்பா வருவோம்" என்றான். நூருலும் தலையை ஆட்டி, "நானும் வரேன் கக்" என்றாள் அவளுக்குத் தெரிந்த தமிழில், அக்காவை மட்டும் மலாயில் விட்டு.

திங்கட்கிழமை காலை ஜெயலெட்சுமி கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். நேரம் நகர மாட்டேன் என்றது. வந்திருப்பானா? வந்திருக்கமாட்டான். வந்தாலும் அந்த மெலிந்த பையன் மனுஷனைப் படியில் போட்டு உருட்டியிருப்பான். முதல் பிரேக் மணி அடித்ததும் லாக்கருக்கு ஓடினாள். கேன்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்து தங்கராஜுவின் கைப்போனுக்கு அடித்தாள்.

"என்னங்க, கட்டு மாத்தியாச்சா?"

"எங்க? இன்னும் வீட்டுலதான் இருக்கேன்" என்றார் தங்கராஜு.

"வரலையா அவனுங்க?"

"வந்தாங்களே. எட்டு மணிக்கெல்லாம் மூணு பேரும் வந்துட்டாங்க. நல்ல பிள்ளைங்க, பசியாற ரொட்டி சானாய்கூட வாங்கிட்டு வந்தாங்க."

"அப்புறம் இன்னும் அங்க என்ன பண்றீங்க?"

"படிக்கட்ட அளந்துக்கிட்டு இருக்காங்க."

"என்னது?"

"நாற்காலியில என்னை உக்கார வச்சா அது தானா எறங்குற மாதிரி ஏதோ செய்யப்போறாங்களாம். மோட்டர சுவத்துல மாட்டுறதா, கம்பியில மாட்டுறதான்னு வாத்தியாருக்கும் அந்தத் தம்பிக்கும் வாக்குவாதம். அந்த மலாய்ப் பிள்ளை படம் போடுது. நானும் நேரமாச்சுன்னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன். இதோ அங்கிள், இதோ அங்கிள்ங்கறாங்க."

"போன ஸ்பீக்கர்ல போடுங்க."

"இல்லம்மா, அவங்க..."

"போடுங்கன்னு சொன்னேன்!"

ஜெயலெட்சுமி எழுந்து நின்றாள். கேன்டீனில் நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"டேய் கோகிலன்! அளக்கிறத கீழ போடுடா! ஆளத் தூக்குடா!"

கேன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஹைதர் வாயருகே கொண்டுபோன கரண்டியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். போனில் ஏதோ தடாலென்று விழுகிற சத்தம் கேட்டது. "சாரி அக்கா! இதோ அக்கா!" அப்புறம் கால்கள் ஓடின. "நீங்க இந்தப் பக்கம் புடிங்க சார்." "அங்கிள், கைய என் தோள்ல போடுங்க." "மெதுவா லா, நான் என்ன அரிசி மூட்டையா?" "பாத்து, பாத்து, சுவத்துல இடிக்குது." மூச்சு வாங்குகிற சத்தம், நூருல் மலாயில் படிகளை எண்ணுகிற சத்தம், தங்கராஜு வலியில் "அம்மா" என்கிற சத்தம். பிரேக் முடிகிற மணி அடித்தது. ஜெயலெட்சுமி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. காடிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"ஏத்திட்டோம் அக்கா" என்றான் கோகிலன். அவனுக்கு இரைத்தது. "கெளம்பிட்டோம்."

"புதன்கிழமையும் நான் இப்படிக் கத்தணுமாடா?"

உண்மையிலேயே யோசித்தான், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"ஆமா அக்கா" என்றான். "ஒரு போன் போட்டுக் கத்திடுங்க."